கால் தமனி நோயும் குருதி வளர்சிதைமாற்றக் குறிகாட்டிகளும்

கால் தமனி நோய் அல்லது புறத் தமனி நோய் என்பது கால்களுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனிகள் படிப்படியாகக் குறுகியோ அடைபட்டோ, கால் தசைகளுக்கும் தோலுக்கும் போதிய குருதி கிடைக்காமல் போகும் நிலையாகும். தமனிகள் நாடிகள் எனவும் அழைக்கப்படும். பெரும்பாலான நோயாளிகளில் இந்நோய்க்குக் காரணம், தமனிச் சுவரினுள் கொழுப்பும் அழற்சி உயிரணுக்களும் நார்ப்பொருளும் சுண்ணமும் சேர்ந்து உருவாகும் தமனித் தடிப்பு ஆகும்.

தமனித் தடிப்பு காலோடு நிற்பதில்லை. காலில் தடிப்பு உள்ளவருக்கு இதயத் தமனிகளிலும் மூளைக்குச் செல்லும் தமனிகளிலும் தடிப்பு இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இந்நோய் உள்ளோர் பொதுவாகக் காலை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினாலும், அவர்களில் பெரும்பாலோரின் வாழ்நாளைக் குறைப்பவை மாரடைப்பும் பக்கவாதமும் ஆகும்.

ஒருவரின் குருதியில் உள்ள குளுக்கோஸ், கொலஸ்டிரால், கிரியேட்டினின் போன்ற பொருட்களின் அளவுகள் இந்த நெடுங்கால ஆபத்தைப் பற்றி ஓரளவு முன்னறிவிக்கின்றன. இவை வளர்சிதைமாற்றக் குறிகாட்டிகள் எனப்படுகின்றன. இவற்றுள் சில நோயை உண்டாக்கும் காரணிகள். சில நோயின் அடையாளங்கள் மட்டுமே. இந்த வேறுபாடு சிகிச்சையில் முதன்மையானது.

வரலாறு

நடக்கும்போது கால் வலித்து நொண்டும் நிலையை முதலில் குதிரை ஒன்றில் கண்டு விவரித்தவர் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே ஆவார். இது 1831 இல் நிகழ்ந்தது. அதே நிலையை மனிதரில் 1858 இல் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ விவரித்தார். இந்நிலை இடைவிட்ட நொண்டல் எனப்படுகிறது.

1950 இல் டிராவிஸ் வின்சர் என்னும் அமெரிக்க மருத்துவர் கணுக்காலிலும் கையிலும் குருதி அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் முறையை வெளியிட்டார். 1954 இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபோன்டேன் நோயை நான்கு நிலைகளாக வகுத்தார். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சார்லஸ் டாட்டர் என்னும் கதிரியல் மருத்துவர், பாதம் அழுகத் தொடங்கியிருந்த 82 வயதுப் பெண் ஒருவரின் தொடைத் தமனியை அறுவையின்றிக் குழாய் செலுத்தி விரித்தார். காலை அகற்ற வேண்டும் என்ற நிலையில் இருந்த அவர், அதன்பின் தம் காலாலேயே நடந்தார்.

நோய் உருவாகும் முறை

தமனியின் உட்பரப்பு ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது. புகையிலை, உயர் குருதி அழுத்தம், மிகையான குளுக்கோஸ் ஆகியன இவ்வடுக்கின் இயல்பான செயலைக் கெடுக்கின்றன. அப்போது கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் துகள்கள் சுவரினுள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிரம்பி அங்கேயே தேங்குகின்றன. பல ஆண்டுகளில் இது தடித்த படிவாக வளர்கிறது.

ஓய்வில் இருக்கும் தசைக்குக் குறைந்த அளவு குருதியே போதும். நடக்கும்போது கெண்டைக்கால் தசையின் தேவை பன்மடங்காகிறது. குறுகிய தமனியால் அந்த அளவைக் கொடுக்க இயலாதபோது தசை நோகிறது. நின்றால் தேவை குறைந்து நோவு சில நிமிடங்களில் தணிகிறது.

நீரிழிவு உள்ளோரில் முழங்காலுக்குக் கீழுள்ள சிறிய தமனிகள் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. புகைபிடிப்போரில் இடுப்பு, தொடைப் பகுதிகளின் பெரிய தமனிகள் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

பீடி, சிகரெட்டு புகைக்கும் இளவயதினரில் காணப்படும் பர்கர் நோய் இதிலிருந்து வேறானது. 1908 இல் லியோ பர்கர் என்பவர் விரிவாக விவரித்த அந்நோயில் சிறிய, நடுத்தரத் தமனிகளிலும் சிரைகளிலும் அழற்சியும் குருதி உறைவும் ஏற்படுகின்றன. கொலஸ்டிராலுக்கு அதில் முதன்மைப் பங்கு இல்லை. புகையிலையை முற்றிலும் விடுவதே அதன் அடிப்படைச் சிகிச்சை ஆகும்.

அறிகுறிகளும் நிலைகளும்

ஃபோன்டேன் வகைப்பாட்டின்படி நோயின் நிலைகள் பின்வருமாறு:

- முதல் நிலை: தமனி குறுகியிருக்கும், அறிகுறி ஏதும் இராது.
- இரண்டாம் நிலை: நடக்கும்போது நோவு; நின்றால் தணியும்.
- மூன்றாம் நிலை: ஓய்விலும், குறிப்பாக இரவில் படுத்திருக்கும்போதும், பாதத்தில் நோவு. காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டால் சற்றுக் குறையும்.
- நான்காம் நிலை: ஆறாத புண் அல்லது தசையழுகல்.

நோயாளிகளில் பெரும்பகுதியினருக்கு இத்தகைய தெளிவான நொண்டல் இருப்பதில்லை. மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டோருக்கும், மூட்டு நோவால் அதிகம் நடக்காதோருக்கும் நோய் வெளித்தெரியாமல் முற்றலாம். நீரிழிவால் பாதத்தின் உணர்வு குறைந்தவருக்கு, நோவே இல்லாமல் முதல் அறிகுறியாகப் புண் தோன்றலாம்.

கால் நோவுகள் எல்லாம் தமனி நோயால் வருபவை அல்ல. நெடுநேரம் நிற்பதால் மிகுந்து, காலை உயர்த்தி வைத்தால் குறையும் கனமான நோவு பொதுவாகச் சுருள்சிரை நோயினால் வருவது. நடந்தால் வந்து, உட்கார்ந்தாலோ முன்புறம் குனிந்தாலோ மட்டுமே தணியும் நோவு முதுகெலும்புக் குழாய் குறுகுவதால் வருவதாக இருக்கலாம். தமனி நோயின் நோவு ஏறத்தாழ ஒரே தொலைவில் தொடங்கும், நின்றாலே தணியும், மேட்டில் ஏறும்போது விரைவில் வரும்.

கணுக்கால் அழுத்தச் சுட்டெண்

நோயைக் கண்டறியும் எளிய சோதனை கணுக்கால்–மேற்கை அழுத்தச் சுட்டெண் ஆகும். கணுக்காலில் அளந்த சுருக்க அழுத்தத்தைக் கையில் அளந்த சுருக்க அழுத்தத்தால் வகுத்தால் இது கிடைக்கும். வழக்கமான குருதி அழுத்தப் பட்டையும், கையடக்க டாப்ளர் கருவியும் இதற்குப் போதும்.

எடுத்துக்காட்டாக, கையில் 140 மி.மீ., கணுக்காலில் 96 மி.மீ. பாதரச அழுத்தம் இருப்பின், சுட்டெண் 96 ÷ 140 = 0.69 ஆகும்.

- 1.00 முதல் 1.40 வரை: இயல்பானது
- 0.91 முதல் 0.99 வரை: எல்லைநிலை
- 0.90 அல்லது அதற்குக் கீழ்: தமனி நோய்
- 1.40 க்கு மேல்: தமனி சுண்ணமேறி இறுகியுள்ளது, அழுத்த அளவு நம்பத்தக்கதன்று

இறுதியாகக் கூறிய நிலை நீண்டகால நீரிழிவு உள்ளோரிலும் சிறுநீரக நோயாளிகளிலும் காணப்படுகிறது. அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் அளக்கப்படுகிறது.

நெடுங்கால உயிர்வாழ்வு

காலின் கதியும் உயிரின் கதியும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன என்பதை 2005 இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் அமெரிக்க இதயக் கழகமும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தொகுத்துக் காட்டின. அவற்றின்படி, நொண்டல் உள்ளோரில் ஐந்து ஆண்டுகளில் 70–80 விழுக்காட்டினரின் கால் நிலை மாறாமல் இருக்கும். 10–20 விழுக்காட்டினருக்கு நொண்டல் மோசமாகும். 1–2 விழுக்காட்டினருக்கே கால் இழப்பு அச்சுறுத்தும் கடுநிலை ஏற்படும். அதே ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு உயிர்போகாத மாரடைப்போ பக்கவாதமோ நேரும். 15–30 விழுக்காட்டினர் இறப்பர். அவ்விறப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இதய, குருதிக்குழாய் நோய்களால் நிகழ்பவை.

ஓய்வு நோவும் புண்ணும் உள்ள கடுநிலை நோயாளிகளின் நிலை வேறு. ஓராண்டின் முடிவில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரே இரு கால்களுடனும் உயிருடன் இருப்பர் என்று அதே வழிகாட்டுதல்கள் மதிப்பிட்டன.

இதற்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் மைக்கேல் கிரிக்கியும் குழுவினரும் நடத்தி 1992 இல் வெளியிட்டது. சராசரியாக 66 வயதுடைய 565 பேர் பத்து ஆண்டுகள் பின்தொடரப்பட்டனர். பெரிய தமனிகளில் நோய் இருந்த 34 ஆண்களில் 21 பேரும், 33 பெண்களில் 11 பேரும் அக்காலத்தில் இறந்தனர். நோயற்ற ஆண்களில் இறந்தோர் 16.9 விழுக்காடு, பெண்களில் 11.6 விழுக்காடு. வயது, புகைபிடித்தல், கொலஸ்டிரால் போன்றவற்றின் விளைவைக் கணக்கில் எடுத்து நீக்கிய பின்னும், நோயுள்ளோரின் இறப்பு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அதாவது, தமனி குறுகியிருப்பது என்னும் செய்தி, குருதிச் சோதனைகள் சொல்லாத ஒன்றையும் சொல்கிறது.

16 ஆய்வுகளைச் சேர்ந்த 48,000 க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிய பன்னாட்டுக் கூட்டாய்வு 2008 இல் வெளியானது. சுட்டெண் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்த ஆண்களில் 18.7 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளில் இதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தனர். இயல்பான சுட்டெண் உடைய ஆண்களில் இது 4.4 விழுக்காடு. பெண்களில் இவ்வளவுகள் முறையே 12.6, 4.1 விழுக்காடு.

குருதிக் குறிகாட்டிகள்

குளுக்கோஸும் எச்பிஏ1சி அளவும்

குருதியில் குளுக்கோஸ் மிகுந்தால் அதில் ஒரு பகுதி சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபினுடன் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், ஒட்டிய பங்கின் அளவு கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும். இதுவே எச்பிஏ1சி எனப்படும் சோதனை. 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும்.

ஐக்கிய இராச்சியத்தின் வருங்கால நீரிழிவு ஆய்வில், எச்பிஏ1சி ஒவ்வொரு விழுக்காடு உயரும்போதும் கால் தமனி நோய் ஏற்படும் ஆபத்து 28 விழுக்காடு உயர்வதாக 2002 இல் கண்டறியப்பட்டது. அதே ஆய்வின் 2000 ஆம் ஆண்டு வெளியீட்டின்படி, எச்பிஏ1சி ஒரு விழுக்காடு குறைவாக இருந்தோரில், கால் அகற்றமும் புறத் தமனி நோயால் நிகழும் இறப்பும் சேர்ந்த ஆபத்து 43 விழுக்காடு குறைவாக இருந்தது.

எனினும் இந்த எண்ணை விரைந்து மிகத் தாழ்த்துவது நன்மையன்று. 10,251 பேர் பங்கேற்ற அக்கார்ட் ஆய்வில், எச்பிஏ1சியை 6 விழுக்காட்டுக்குக் கீழ் கொண்டுவர முயன்ற குழுவில் இறப்பு மிகுந்ததால், அக்கடுஞ்சிகிச்சை 2008 இல் நிறுத்தப்பட்டது. ஆகவே இலக்கு ஒவ்வொருவரின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்து மருத்துவரால் முடிவு செய்யப்படுகிறது.

கொழுமியங்கள்

கொலஸ்டிரால் நீரில் கரையாதது. புரத உறையுள்ள துகள்களில் ஏறியே அது குருதியில் செல்கிறது. தமனிச் சுவரில் படியும் துகள்கள் எல்டிஎல் எனப்படும் அடர்த்தி குறைந்த துகள்கள் ஆகும். எச்டிஎல் எனப்படும் அடர்த்தி மிகுந்த துகள்கள் மிகை கொலஸ்டிராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் பணியில் பங்கேற்கின்றன. முக்கிளிசரைடு என்பது உணவிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வரும் கொழுப்பு ஆகும்.

ஆய்வகங்கள் பலவற்றில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படாமல், 1972 இல் ஃபிரீடுவால்டு குழுவினர் வெளியிட்ட வாய்பாட்டால் கணக்கிடப்படுகிறது:

எல்டிஎல் = மொத்தக் கொலஸ்டிரால் − எச்டிஎல் − (முக்கிளிசரைடு ÷ 5)

ஒருவரின் குருதியில் ஒரு டெசிலிட்டருக்கு மொத்தக் கொலஸ்டிரால் 220 மி.கி., எச்டிஎல் 38 மி.கி., முக்கிளிசரைடு 180 மி.கி. இருப்பதாகக் கொள்வோம். எல்டிஎல் = 220 − 38 − 36 = 146 மி.கி. ஆகும். மொத்தக் கொலஸ்டிராலுக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள விகிதம் 220 ÷ 38 = 5.8. முக்கிளிசரைடு 400 மி.கி.க்கு மேல் இருந்தால் இவ்வாய்பாடு பொருந்தாது.

இவ்விகிதத்தின் முதன்மையை அமெரிக்க மருத்துவர்களிடையே நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. 14,916 ஆண்களைக் கொண்ட அவ்வாய்வின் 2001 ஆம் ஆண்டு வெளியீட்டின்படி, பின்னாளில் கால் தமனி நோய் யாருக்கு வரும் என்பதை முன்னறிவித்த கொழுமிய அளவுகளுள் வலிமையானது மொத்தக் கொலஸ்டிரால்–எச்டிஎல் விகிதமே. விகிதம் மிகுந்த கால்பங்கினரின் ஆபத்து, குறைந்த கால்பங்கினரின் ஆபத்தைப் போல் 3.9 மடங்காக இருந்தது.

சிறுநீரகக் குறிகாட்டிகள்

கிரியேட்டினின் என்பது தசையில் உருவாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவுப் பொருளாகும். குருதியில் அது உயர்வதும் சிறுநீரில் அல்புமின் கசிவதும் சிறுநீரகம் பழுதடைவதைக் காட்டும். சிறுநீரகச் செயல் குறைந்த கால் தமனி நோயாளிகளின் உயிர்வாழ்வு குறைவாகவே இருக்கிறது. சிறுநீரகம் குன்றும்போது சுண்ணமும் பாஸ்பேட்டும் சமநிலை இழந்து தமனிச் சுவர் இறுகுவது இதற்கு ஒரு காரணம் ஆகும்.

அழற்சிக் குறிகாட்டிகளும் அல்புமினும்

மேற்கூறிய மருத்துவர் ஆய்வில், கொழுமியம் அல்லாத குறிகாட்டிகளுள் வலிமையானதாகச் சி-எதிர்வினைப் புரதம் இருந்தது. அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதம் இது. காய்ச்சல், புண், பல் ஈறு அழற்சி ஆகியவற்றிலும் இது உயரும் என்பதால் தனி அளவு ஒன்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

குருதி அல்புமின் குறைவது ஊட்டக்குறைவையோ நீடித்த அழற்சியையோ காட்டும். ஆறாத புண்ணுள்ள நோயாளிகளில் இது தீய அறிகுறியாகக் கருதப்படுகிறது.

கடுநிலை நோயாளிகளில் கொலஸ்டிரால் தாழ்ந்திருப்பதும் சில வேளைகளில் நற்செய்தியன்று. உடல் நலிவாலும் தொற்றாலும் கொலஸ்டிரால் குறையலாம். இங்கு குறைந்த கொலஸ்டிரால் நோயின் விளைவு. பாதுகாப்பின் அடையாளம் அன்று.

குறிகாட்டியும் காரணியும்

ஒரு பொருளின் அளவு உயர்ந்தோர் விரைவில் இறக்கின்றனர் என்பதிலிருந்து, அப்பொருளே இறப்புக்குக் காரணம் என்ற முடிவுக்கு வர இயலாது. அளவை மாற்றிப் பார்க்கும் சமவாய்ப்புச் சோதனைகளே இதைத் தீர்மானிக்கின்றன. புகை தீயைக் காட்டும். புகையை விசிறி விலக்குவதால் தீ அணைவதில்லை.

- எல்டிஎல்: ஐக்கிய இராச்சியத்தில் நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வில் கால் தமனி நோயுள்ள 6,748 பேர் இருந்தனர். எல்டிஎல் அளவைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மருந்து நாள்தோறும் 40 மி.கி. பெற்றோரில் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் நிகழ்வுகள் 22 விழுக்காடு குறைந்தன. எல்டிஎல் ஒரு காரணி என்பது இதனாலும் பிற சான்றுகளாலும் உறுதியாகியுள்ளது.
- ஓமோசிஸ்டைன்: இந்த அமினோ அமிலம் மிகுந்தோரில் தமனி நோய் மிகுதி. ஆனால் 5,522 பேர் பங்கேற்று 2006 இல் வெளியான ஹோப்-2 ஆய்வில், போலிக் அமிலமும் பி6, பி12 உயிர்ச்சத்துகளும் ஓமோசிஸ்டைனைக் குறைத்தபோதும், பெரும் குருதிக்குழாய் நிகழ்வுகள் மொத்தத்தில் குறையவில்லை.
- எச்டிஎல்: இது தாழ்ந்திருப்பது தீய அறிகுறி. ஆனால் 3,414 பேர் பங்கேற்ற எய்ம்-ஹை ஆய்வு 2011 இல் நிறுத்தப்பட்டது. நியாசின் மருந்தால் எச்டிஎல் உயர்ந்தும் ஸ்டாட்டின் பெற்றுவந்த நோயாளிகளுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை.
- குளுக்கோஸ்: அளவைக் குறைப்பது எவ்வழியில் என்பதும் முதன்மையானது. 2015 இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில் எம்பாகிளிஃப்ளோசின் மருந்து நீரிழிவுள்ள இதயநோயாளிகளின் இறப்பைக் குறைத்தது. அம்மருந்து எச்பிஏ1சியைக் குறைத்த அளவோ சிறிதே.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு

தமிழ்நாட்டில் இப்பொருளில் குறிப்பிடத்தக்கது, 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு ஆகும். நீரிழிவு மருத்துவர் வி. மோகனும் குழுவினரும் தியாகராய நகர், திருமங்கலம் ஆகிய இரு குடியிருப்புப் பகுதிகளில் இதை நடத்தினர். 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேர் பங்கேற்றனர். அவர்களில் பாதியளவினரான 631 பேருக்குக் கணுக்கால் சுட்டெண் அளக்கப்பட்டது.

2000 இல் வெளியான முடிவுகளின்படி, 3.2 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 20 பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. நீரிழிவு உள்ளோரில் இது 6.3 விழுக்காடு, இயல்பான குளுக்கோஸ் உள்ளோரில் 2.7 விழுக்காடு. நீரிழிவு இருப்பதை முன்பே அறிந்திருந்தோரில் 7.8 விழுக்காடு; ஆய்வின்போது புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டோரில் 3.5 விழுக்காடு. நீரிழிவின் ஆண்டுகள் கூடக்கூடத் தமனி நோயும் கூடுவதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

இதே மக்களிடையே இதயத் தமனி நோய் 11.0 விழுக்காடாக இருந்ததென 2001 இல் வெளியிடப்பட்டது. மேலை நாட்டினரை ஒப்பிடத் தென்னிந்தியரில் கால் தமனி நோய் குறைவாகவும், இதயத் தமனி நோய் மிகுதியாகவும் காணப்படுவது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

இம்மக்களைப் பின்தொடர்ந்து பெற்ற இறப்புத் தரவுகள் 2006 இல் வெளியாயின. நீரிழிவு உள்ளோரில் ஆயிரம் ஆள்-ஆண்டுகளுக்கு 18.9 இறப்புகளும், இல்லாதோரில் 5.3 இறப்புகளும் நிகழ்ந்திருந்தன. ஆயிரம் பேரை ஓராண்டு பின்தொடர்வது ஆயிரம் ஆள்-ஆண்டுகள் ஆகும். குருதிக் குறிகாட்டி ஒன்று நெடுங்கால உயிர்வாழ்வோடு கொண்ட தொடர்பைத் தமிழ்நாட்டு மக்களிடமே அளந்து காட்டிய ஆய்வு இது.

அதன்பின் நீரிழிவு மேலும் பெருகியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.4 விழுக்காடு என்று 2011 இல் வெளியிடப்பட்டது. 2023 இல் வெளியான நிறைவு முடிவுகள் நாடு முழுவதும் நீரிழிவு உள்ளோரை 11.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 10 கோடிப் பேர் என மதிப்பிட்டன.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில்

சென்னை ஆய்வு பெருநகர மக்களைப் பற்றியது. அதன் படிப்பினைகள் சிறுநகரங்களில் எவ்வாறு பொருந்தும் என்பதற்கு விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இவ்விரு நகரங்களும் எடுத்துக்காட்டாகும். மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் இவை அமைந்துள்ளன.

இராஜபாளையம் 1936 இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய பஞ்சாலையால் தொழில் நகரமாக வளர்ந்தது. நூற்பாலைத் தொழிலாளர் வேலைநேரம் முழுதும் நின்றும் நடந்தும் பணிபுரிகின்றனர். இத்தகையோருக்குக் கால் நோவு வந்தால் அது வேலைக் களைப்பு, வாதம், நரம்புத் தளர்ச்சி எனக் கருதப்பட்டுவிடுவது எளிது. நிற்கும்போது மிகும் நோவா, நடக்கும்போது தொடங்கி நின்றால் தணியும் நோவா என்ற ஒரு வினாவே சிரை நோயையும் தமனி நோயையும் பெருமளவு பிரித்துக் காட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைச் சூழ்ந்த தேர் வீதிகளை முன்பு நிற்காமல் சுற்றி வந்த முதியவர், இப்போது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கெண்டைக்கால் நோவால் நின்று பின் தொடர்கிறார் எனில், அது முதுமையின் இயல்பு என்று விடத்தக்கதன்று. நகருக்கு அருகில் மலைமேல் உள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படியேறும்போது இதே நோவு இன்னும் விரைவில் தோன்றும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படும் இனிப்பு இது. எந்த ஒரு தின்பண்டமும் தனியாகத் தமனி நோயை உண்டாக்குவதில்லை. நீரிழிவு உள்ளோர் இத்தகைய இனிப்புகளை அளவறிந்து உண்ண வேண்டும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளில் புண்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. நீரிழிவுப் பாதப் புண்களுக்கும் இவ்வகைத் துணியே கட்டப்படுகிறது. ஆனால் குருதி ஓட்டம் இல்லாத பாதத்தில், கட்டு எவ்வளவு தூய்மையாக இருப்பினும் புண் ஆறாது. இரண்டு வாரங்களில் ஆறாத பாதப் புண்ணுக்குத் தமனிச் சோதனை தேவை.

இரு நகரங்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 75 முதல் 85 கி.மீ. தொலைவில் உள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகள் வீடுகளுக்கே கொண்டு சென்று வழங்கப்படுகின்றன. நீரிழிவு மருந்தை வீட்டில் பெறும் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பாதத்தையும் காட்டிச் சோதித்துக்கொள்வது, தமனி நோயைப் புண் தோன்றும் முன்பே கண்டறிய உதவும்.

சிகிச்சை

சிகிச்சையின் நோக்கங்கள் இரண்டு: உயிரைக் காத்தல், காலைக் காத்தல்.

- புகையிலையை முற்றிலும் கைவிடுதல். மருந்துகள் எவையும் இதற்கு ஈடாகா.
- ஸ்டாட்டின் மருந்து. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024 ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கால் தமனி நோயாளிகளுக்கு எல்டிஎல் அளவை 55 மி.கி.க்குக் கீழ் குறைக்கப் பரிந்துரைக்கின்றன.
- அறிகுறியுள்ளோருக்குக் குருதித் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல்.
- குருதி அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துதல்.
- நடைப்பயிற்சி. நோவு வரும்வரை நடந்து, நின்று, நோவு தணிந்தபின் மீண்டும் நடத்தல் வேண்டும். வாரத்திற்கு மூன்று முறையேனும், ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடங்கள் வரை, குறைந்தது 12 வாரங்கள் இவ்வாறு செய்தால் நடக்கும் தொலைவு கூடும். பாதத்தில் புண் உள்ளோருக்கு இது பொருந்தாது.
- பாதப் பராமரிப்பு. நாள்தோறும் பாதத்தைப் பார்த்தல், வெறுங்காலுடன் நடவாதிருத்தல், மரத்த பாதத்தில் வெந்நீர் ஒத்தடம் தவிர்த்தல்.
- ஓய்வு நோவும் புண்ணும் உள்ளோருக்குத் தமனியை பலூனால் விரித்தல் அல்லது மாற்றுவழி அறுவை.

நீரிழிவும் கால் தமனி நோயும் உள்ள 792 பேரிடம் நடந்து 2025 இல் வெளியான ஸ்டிரைடு ஆய்வில், வாரம் ஒருமுறை செமாகுளூடைடு ஊசி பெற்றோரின் நடக்கும் தொலைவு ஓராண்டில் கூடியது. வளர்சிதைமாற்றத்தைச் சீர்செய்யும் மருந்து ஒன்று நடையையும் மேம்படுத்தியதால் இம்முடிவு குறிப்பிடத்தக்கதாகிறது.

கால் தமனியை விரித்த பின்பும் உடலின் பிற தமனிகளில் தடிப்பு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே கால் நோவு தீர்ந்த நோயாளியும் மேற்கூறிய மருந்துகளையும் குருதிச் சோதனைகளையும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- நீரிழிவு நோய்
- மாரடைப்பு
- கொலஸ்டிரால்
- சுருள்சிரை நோய்
- பர்கர் நோய்